ஆடியில் ஒரு கெட்டி மேளம்

மலேசியாவில், ஈப்போ நகரில் நான் டிரம்ஸ் வாசிக்கும் ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி தொடங்குமுன் பாடகி எங்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவாள். கீபோர்டு இவர், கிதார் இவர், சாக்ஸபோன் இவர் என்று கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்புவாள். அதற்குள் நான் குச்சிகளைத் தட்டி முதல் பாட்டுக்கு எண்ணிக்கை கொடுத்தாக வேண்டும். என் பெயர் அந்தச் சத்தத்தில் போய்விடும். பதினான்கு வருடமாக என் பெயரை நானே அடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே தங்கியிருந்த ஒரு ஜெர்மானியர் இதைக் கவனித்தார். சிமெண்ட் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு பை நிறைய ஒலிநாடாக்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஜாஸ்தான், ஆனால் நான் அறிந்த ஜாஸ் இல்லை. ஒரு டிரம்மர் சிம்பல் என்ற வெண்கலத் தட்டை வயலின் வில்லால் இழுக்கிறார். இன்னொருவர் தோலின் மேல் அரிசியைக் கொட்டி அது உருளும் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறார். மூன்றாமவர் இருபது நிமிடம் வாசிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதற்கு அதில் ஓரிடம் கிடையாது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இசையமைப்பு என்று போட்டு டிரம்மரின் பெயர் இருந்தது. பாடகர் பெயரும் இல்லை, கீபோர்டுக்காரர் பெயரும் இல்லை. கண் கலங்கிவிட்டேன். நாற்பத்தொரு வயதில் ஒரு நாடா அட்டையைப் பார்த்துக் கலங்குவது கொஞ்சம் வெட்கமான காரியம்தான்.

அடுத்த வருடத்துக்குள் நானும் ஒன்று எழுதிவிட்டேன். ஐந்து தாளக்காரர்கள், இருபத்தொரு நிமிடம். மெட்டு என்ற பேச்சே கிடையாது. நடுவில் நாற்பது விநாடி முழு மௌனம். அந்த மௌனம்தான் உயிர்நாடி என்று நம்பினேன். ஜெர்மானியரிடமிருந்து கடிதம் வந்தது. சொந்தமாக இசையமைக்கும் டிரம்மர்களுக்கென்றே அவர் ஊர்ப் பக்கம் ஒரு விழா நடக்கிறதாம். ஒலிநாடா அனுப்ப வேண்டும், தேர்வானால் கூப்பிடுவார்கள். கூடவே ஒரு படிவம். 'இதிலுள்ள ஒவ்வோர் ஒலியும் என் சொந்தப் படைப்பு' என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதற்காக நான் எங்கே வேண்டுமானாலும் போகத் தயாராக இருந்தேன்.

ஈப்போவில் ஐந்து பேர் சேரவில்லை. கோயில் மேளக்காரர்களுக்கு நேரமில்லை, இசைக்குழு நண்பர்களுக்குப் பொறுமையில்லை. அப்போதுதான் தாம்பரத்திலிருந்து என் அத்தை மகன் பாலு எழுதினான். "ஆடி மாசம் வா மச்சான். முகூர்த்தம் கிடையாது. மேளக்காரங்க எல்லாம் சும்மாதான் இருப்பாங்க. மண்டபமும் காலி." எந்த இசையமைப்பாளனுக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்திருக்காது. பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து, மூன்று சிம்பல்களையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"சீர்வரிசைத் தாம்பாளமா?"

"இல்ல சார், வாசிக்கிறது."

"நடுவுல ஓட்டை இருக்கே?"

"ஓட்டை இருக்கணும் சார்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

பாலு ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார். பீர்க்கன்கரணையில் வீடு. மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், "ஏரி வியூ, மச்சான்" என்று கை நீட்டினான். ஏரிக்குள் இரண்டு அணிகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீர் லாரி புதன்கிழமை வரும் என்றும், அதுவரை கொஞ்சம் பார்த்துக் குளிக்கும்படியும் அவன் மனைவி சுகந்தி சொன்னாள். ஈப்போவில் மழை பெய்யாத மாலை அபூர்வம். அங்கே குடை இல்லாமல் வெளியே போகமாட்டோம், இங்கே குடம் இல்லாமல் போகமாட்டார்கள். அரை வாளியில் குளித்து முடித்தபோது ஒரு சாதனை செய்ததுபோல இருந்தது. எங்கள் ஊரில் காலையில் "பசியாறியாச்சா" என்பார்கள், இங்கே "டிபன் ஆச்சாண்ணா" என்றாள் சுகந்தி. எப்படிக் கேட்டால் என்ன, அவள் இட்லியில் ஏழு போன இடம் தெரியவில்லை.

மறுநாள் கலைஞர்கள் வந்தார்கள். திருநீர்மலையிலிருந்து தவில்காரர் கோதண்டபாணியும் அவர் தம்பியும். பல்லாவரத்திலிருந்து டேவிட், கூடவே ஒரு கூட்டாளி. டேவிட்டுக்கு ஆலை கூப்பிடும் நாட்களில் தோல் பதனிடும் வேலை. மற்ற நாட்களில் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பார், கூட்டாளி பெரிய டிரம். நான் கஷ்டப்பட்டு வரைந்த தாளை விரித்தேன். இந்த வகை இசைக்கு வழக்கமான ஸ்வரக் குறிப்பெல்லாம் போதாது. வட்டம், கோடு, அம்பு என்று நானே ஒரு முறை கண்டுபிடித்திருந்தேன். டேவிட் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பைப்பு லைன் வேலையா?"

"இது இசைக்குறிப்பு."

"டாங்கி எங்க கீது?"

கோதண்டபாணி தாளைத் தொடவே இல்லை. "வாயால சொல்லுங்க சார், கை புடிச்சுக்கும்" என்றார். ஒரு வருடம் ராத்தூக்கம் கெட்டு வரைந்ததைச் சுருட்டி வைத்துவிட்டு வாயால் சொன்னேன். முதல் பகுதி ஏழரை எண்ணிக்கையில் சுழலும். ஈப்போவில் அதைக் கேட்ட கிதார்க்காரன் தலைவலி என்று எழுந்து போனான். கோதண்டபாணி இரண்டு முறை கேட்டார், தொடையில் ஒரு முறை போட்டுப் பார்த்தார், மூன்றாம் முறை அதற்கு நான் யோசிக்காத ஒரு முடிவும் வைத்து வாசித்தார். "இவ்ளோதானா?" என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவில்லை. "பாட்டு எப்ப சார் வரும்?"

"பாட்டு வராது. இதான் பாட்டு."

"சரி. யார் வரப்போறாங்க, அத சொல்லுங்க. மாப்பிள்ளையா, சாமியா?"

யாரும் வரமாட்டார்கள் என்றேன். யாருமே வராததற்கு இருபத்தொரு நிமிடம் மேளம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர். ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குப் பதிலாகப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள் என்று ஜெர்மானியர் சொல்லியிருந்தார். அவற்றில் ஒன்றாவது நான் படித்திருக்கலாம்.

மொட்டை மாடியில் ஒத்திகை. சைகைகளை முடிவு செய்துகொண்டோம். நான் தலையசைத்தால் தொடக்கம், முஷ்டியை மடக்கினால் நிறுத்தம். அரை மணி நேரம் போயிருக்கும், எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே படியேறி வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கல்யாண மேளமும் கேக்குது, சாவு மேளமும் கேக்குது. எதுக்கு வரணும்னு தெரியல."

பாலு அவருக்கு காபி கொடுத்து அனுப்பினான்.

எனக்கான டிரம்ஸை குரோம்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவிடம் இரவல் வாங்கியிருந்தோம். அதில் எல்லாம் இருந்தது, பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் கிடைக்காதது கிடையாது என்றார் டேவிட். எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஜாச் செடி, பழைய ஃபேன், கிராமபோன் குழாய், ஒற்றைச் செருப்பு எல்லாம் தாண்டிப் போனால், தையல் மெஷின் பாகங்களுக்கு நடுவில் ஒரு டிரம் பெடல் வெயிலில் கிடந்தது. "இது இன்னா மெஷினோட மிதின்னு தெர்ல, மூணு வருசமா வச்சிகினு கீறேன்" என்றார் கடைக்காரர். மூன்று வருடமாக அது எனக்காகத்தான் காத்திருந்தது என்று அன்று முழுக்க நம்பினேன். ஆசை வந்துவிட்டால் மனிதனுக்கு எல்லாமே சகுனம்.

சனிக்கிழமை குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். டிரம்ஸோடு நானும் பாலுவும் ஆட்டோவில் இந்தப் பக்கம், டேவிட் சைக்கிளில் அந்தப் பக்கம். ஒரு மின்ரயில் போனது, எதிரே ஒன்று போனது, பிறகு எதுவும் போகவில்லை, கேட்டும் திறக்கவில்லை. எங்கள் ஊரில் ஐந்து நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஆட்டோக்காரர் இறங்கிப் போய் வேர்க்கடலை வாங்கி வந்து எனக்கும் கொடுத்தார். அந்தப் பக்கம் டேவிட் சும்மா இருக்க முடியாமல் சைக்கிளில் இருந்த சைடு டிரம்மில் என் ஏழரையை எடுத்தார். சாவு ஊர்வலம் என்று நினைத்து முன்னால் நின்ற ஸ்கூட்டர்கள் ஒதுங்கி வழி விட்டன. கேட் திறந்ததும் முதலில் கடந்தவர் அவர்தான். என் இசையால் ஒருவருக்கு நேரடிப் பயன் கிடைத்தது அதுவே முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றினார்கள். நாலு திசையிலும் ஒலிபெருக்கி. பீர்க்கன்கரணையில் அன்று மௌனம் என்ற பொருள் எங்கும் கிடைக்கவில்லை. சுகந்தி ஒரு சொம்பு கூழும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, நாளை பதிவு என்பதையும் மறந்து நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மத்தியானம், திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி பிறந்ததும் பூட்டியதை எங்களுக்காகத் திறந்திருந்தார்கள். மைக் செட்காரர் இரண்டு மைக்கை நிறுத்தி நாடாவைப் பொருத்தினார். மாலை ஐந்துக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நாடாவைத் தபாலில் சேர்க்காவிட்டால் கெடு தப்பிவிடும். ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, தலையசைத்தேன்.

நன்றாகத்தான் போனது. நன்றாக என்ன, நான் கனவு கண்டதைவிட நன்றாகப் போனது. ஏழரை சுழன்றது, இரண்டு தவிலும் பேசிக்கொண்டன, டேவிட் டிரம்மின் அடித்தோலை ஒட்டிய கம்பிகளைத் தளர்த்திவிட்டு மழைத்தூறல்போல ஒன்று வாசித்தார். பதினோராம் நிமிடம் முஷ்டியை மடக்கினேன். எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. என் மௌனம் தொடங்கியது. மனதுக்குள் விநாடிகளை எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து.

பாலு தும்மினான்.

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பூட்டிக் கிடந்த மண்டபத்துத் தூசி. ஆனால் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வாயைத் திறக்க முடியாது, நாடா ஓடுகிறது. அவன் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, 'இன்னொரு தரம் தும்மினாயோ' என்று ஆட்டினேன்.

ஒரு தும்மல். உடனே உயர்ந்து ஆடும் ஒரு விரல். கல்யாண மண்டபம்.

கோதண்டபாணியும் தம்பியும் ஒரு கணம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர்கள் யோசிக்கவில்லை. கெட்டி மேளம் வெடித்தது. இரண்டு தவிலும் மண்டபத்துக் கூரையைத் தூக்கின. டேவிட்டும் கூட்டாளியும் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே குதித்தார்கள். நிறுத்துங்கள் என்று கத்த நான் எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் கால் பெடலில், என் இரண்டு கைகளும் சிம்பலில். ஈப்போவில் பிறந்த கை. தமிழ்நாட்டுக் கல்யாணத்தையே பார்த்திராத கை. எனக்கு முன்னால் அது கிளம்பியிருந்தது. தாலி கட்டி முடித்ததும் நிறுத்தச் சொல்வார்கள். இங்கே தாலியும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. ஐந்து பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தோம். டிரம்ஸின் முன்னால் உட்கார்ந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் ஓடி வந்தார், பின்னால் தெருவே வந்தது.

"ஆடியில எவன்யா தாலி கட்டறது?"

எல்லாக் கண்களும் மணமக்களைத் தேடின. மேடையில் ஐந்து ஆண்களும் ஒரு வேதியியல் வாத்தியாரும் மட்டும் இருந்ததால் பேச்சு இன்னும் மோசமாகப் போயிருக்கலாம். பாலு எல்லோரையும் சமாதானப்படுத்தி வெளியே அனுப்ப இருபது நிமிடம் ஆனது.

நான் கோதண்டபாணியைப் பார்த்தேன். என் கோபத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

"தும்மல் வுழுந்துது, நீங்க விரல ஆட்டினீங்க" என்றார். "அபசகுனம் காதுல வுழாம அமுக்கறதுதான சார் எங்க வேலை? கை எப்படி சும்மா இருக்கும்?"

"எழுதினது மௌனம்."

"தும்மின அப்புறம் ஏது சார் மௌனம்?"

நேரம் இருந்தது. இன்னொரு நாடா போட்டு முதலிலிருந்து வாசித்தோம். பாலுவை வெளியே நிறுத்தினோம். தவறே இல்லை. நாற்பது விநாடி மௌனம் நாற்பது விநாடியாகவே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் இரண்டையும் போட்டுக் கேட்டோம். முதல் நாடாவில் கெட்டி மேளம் வந்தபோது அடுப்படியிலிருந்து சுகந்தி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். இரண்டாவதைக் கேட்கும்போது உள்ளே போய்விட்டாள்.

"மொதல்ல போட்டதையே அனுப்புங்கண்ணா" என்றாள்.

"அது நான் எழுதினது இல்லம்மா."

"நீங்க அடிச்சதுதானே?"

ஒவ்வோர் ஒலியும் என் சொந்தப் படைப்பு என்று கையெழுத்துப் போட வேண்டுமே என்று விளக்கினேன். தும்மல் பாலுவுடையது. கெட்டி மேளம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இதை நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நேர்மை. மீதி, என் பெயருக்குப் பக்கத்தில் வேறு எதையும் பார்க்கச் சகிக்காத ஆசை. மறுநாள் தாம்பரம் தபாலாபீசில் இரண்டாவது நாடாவைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். முதல் நாடாவை பாலுவிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

ஐப்பசியில் பதில் வந்தது. தட்டச்சு செய்த, அன்பான கடிதம். படைப்பு திறமையாக இருக்கிறதாம். ஆனால் நடுவில் மௌனம் வைத்த படைப்புகள் இந்த வருடம் நிறைய வந்துவிட்டனவாம். எதிர்பாராத ஒன்றைத் தேடுகிறார்களாம். முதல் நாடாவை அனுப்பியிருந்தால் என்ற நினைப்பு இன்றுவரை அவ்வப்போது வந்து குத்துகிறது.

தை மாதம் பாலு போனில் கூப்பிட்டான். திருநீர்மலையில் அவன் பள்ளி நண்பர் வீட்டுக் கல்யாணமாம். கோதண்டபாணி மேளமாம்.

"உன் ஏழரைய வாசிச்சாங்க மச்சான், மாப்பிள்ளை அழைப்புக்கு! முழுசா!"

"மௌனம்?"

"கல்யாணத்துல எவன் சும்மா உக்காருவான்? அத வெட்டிட்டாங்க. அதுக்கு மேல கேளு. மாப்பிள்ளையோட சித்தப்பா இது யார் போட்டதுன்னு கேட்டாரு. கோதண்டபாணி சொல்றாரு, எங்க தாத்தா போட்ட உருப்படின்னு! நான் விடுவேனா? தனியா இழுத்துட்டுப் போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'மலேசியாக்காரர் போட்டதுன்னா, அத நிறுத்திட்டு சினிமாப் பாட்டு வாசின்னுடுவாங்க சார். தாத்தா போட்டதுன்னாதான் கம்முனு கேப்பாங்க'ன்றாரு."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"கம்முனு கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க மச்சான். பந்திக்குக் கூப்பிட்டும் ரெண்டு பேர் எழுந்திரிக்கல."

அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டேன். பாலுவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.